சுண்ணாம்புப் பூமியில் சுண்ணாம்புச் சத்துக்கு ஏங்கும் பசு

அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகளை நம் மாணவர்கள் பிறந்தது முதல் பார்த்து வருகிறார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சிப்பிகளும் படிந்து படிந்து இந்தக் கல் உருவானது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்கு அறிவித்தார். அதுவும் அந்தக் கடற்காலத்தின் எச்சமே.

இப்படிச் சுண்ணாம்பின் மேலேயே நடமாடும் ஊரில், கன்று ஈன்ற பசு சுண்ணாம்புச் சத்துக் குறைந்து படுத்துவிடுகிறது. ஏன்?

இந்த ஒரு கேள்வியை வைத்து இரண்டு கல்வியாண்டுகளாக எங்கள் பள்ளியில் ஒரு தொடர் பாடம் நடத்தி வருகிறேன். இரு மாவட்ட எல்லையை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளி அது. நான் அறிவியல் ஆசிரியர். கணித ஆசிரியரும், பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இதில் பங்கெடுக்கிறார்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே எதையும் நாங்கள் சேர்க்கவில்லை. விகிதம், சதவீதம், அமிலங்கள் காரங்கள் உப்புகள், ஹார்மோன்கள், நுண்ணுயிரிகள் என்று பாடநூலில் தனித்தனியாக உள்ளவற்றை ஒரு பசுவின் வயிற்றுக்குள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தோம். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் பாடத்தின் படிகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: மாடு என்ன தின்கிறது?

தொடக்க வகுப்புக் குழந்தைகளிடம் தொடங்கினோம். வீட்டில் மாடு இருப்பவர்களும் இல்லாதவர்களும் கலந்த குழுக்கள். காலை, மதியம், மாலை மாட்டுக்கு என்ன போடுகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்து எழுதவோ வரையவோ வேண்டும். மாடு இல்லாத குழந்தை, மாடு உள்ள நண்பன் வீட்டில் போய்ப் பார்த்து எழுதலாம்.

வந்த பட்டியலில் ஊரின் வேளாண்மையே தெரிந்தது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டுப் பிள்ளைகள் மக்காச்சோளத் தட்டை, பருத்திக்கொட்டை என்று எழுதினார்கள். கொள்ளிடக் கரையில் உறவினர் உள்ளவர்கள் வைக்கோலை எழுதினார்கள். செம்மண் பகுதியில் கடலைக்கொடி. எல்லா வீட்டிலும் பொதுவாக இருந்தவை தவிடு, புண்ணாக்கு, கழனித்தண்ணீர். பச்சைத் தீவனம் மழைக்காலத்தில் மட்டும். 'தாது உப்பு' என்று எழுதியவர்கள் மிகச் சிலர்.

பட்டியலின் ஓரத்தில் ஒரு மாணவன் எழுதியிருந்த வரி பாடத்தை வேறு திசைக்குக் கொண்டுபோனது: "எங்க வூட்டு மாடு செவுத்த நக்குது. கொடியில காயிற துணியயும் மெல்லுது." இன்னும் பலர் அதையே பார்த்திருந்தார்கள். அது ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லி அந்த வரியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்தோம்.

இரண்டாம் படி: கல்லிலிருந்து பயிருக்கு

சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஆசிரியர் சில சொட்டுகள் விட வேண்டும். நுரை பொங்கும். அடுத்து அதே அமிலத்தை எங்கள் ஊர்க் கரிசல் மண்ணில் விட்டோம். அதுவும் லேசாகப் பொங்கியது. மண்ணிலும் சுண்ணாம்பு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

"அப்ப மாட்டுக்குக் கிடைச்சிருமே சார்?" என்று கேட்டார்கள். சுண்ணாம்பு பயிருக்குக் கிடைக்கலாம். ஆனால் மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தால் வேறு சில சத்துகள் பயிருக்கு எட்டாமல் போய்விடுகின்றன. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ், சுண்ணாம்போடு சேர்ந்து எளிதில் கரையாத உப்பாக மாறிவிடுகிறது. காரத்தன்மை கூடிய மண்ணில் துத்தநாகமும் இரும்பும் கரைவது குறைகிறது. மண்ணில் அவை இருக்கும். வேர் உறிஞ்சும் வடிவில் இருக்காது.

விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி அல்ல. மக்காச்சோளக் குருத்து வெளுத்தால் அப்பா ஜிங்க் சல்பேட் வாங்கி வருவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் கடலைச் செடி இளமஞ்சளாக நிற்பதையும் பார்த்திருக்கிறார்கள். நிலத்துக்கு இடும் துத்தநாகமும் மாட்டுக்குத் தரும் தாது உப்பில் உள்ள துத்தநாகமும் ஒரே தனிமம்தான் என்பது மட்டுமே அவர்களுக்குப் புதியது. துத்தநாகம் மாட்டின் தோலுக்கும் குளம்புக்கும் மடிக்காம்பின் உட்தோலுக்கும் வேண்டும்.

மூன்றாம் படி: பயிரிலிருந்து இரைப்பைக்கு

வைக்கோல் மாட்டின் வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். பாஸ்பரஸ் மிகக் குறைவு, மணற்சத்தான சிலிகா அதிகம். உள்ள கொஞ்சம் சுண்ணாம்பிலும் ஒரு பகுதியை, வைக்கோலில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் பிணைத்துக்கொள்கிறது. கம்பு நேப்பியர் வகைப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு.

இதை வகுப்பில் காட்டலாம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஆக்சாலிக் அமிலக் கரைசலைச் சில துளிகள் விட்டால் வெண்ணிற வீழ்படிவு உண்டாகிறது. அது கால்சியம் ஆக்சலேட். நீரில் கரையாது, குடலில் உறிஞ்சப்படாது. ஆக்சாலிக் அமிலம் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் இருக்கும். அது நஞ்சு, ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும்.

தவிடு இதற்கு மறுபக்கம். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் பூட்டப்பட்டிருக்கிறது. கோழிக்கும் நமக்கும் அந்தப் பூட்டைத் திறப்பது கடினம். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளோ பைட்டேஸ் என்ற நொதியைச் சுரந்து அதை உடைத்துக் கொடுத்துவிடுகின்றன. கூட்டுயிர் வாழ்க்கைக்குப் பாடநூலில் உள்ள எடுத்துக்காட்டுகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த நுண்ணுயிரிகளுக்கும் தேவைகள் உண்டு. அவை வைட்டமின் பி12ஐத் தயாரிப்பதற்குக் கோபால்ட் வேண்டும். 1948இல் அந்த வைட்டமினைப் பிரித்தெடுத்தபோது அதில் கோபால்ட் இருப்பது தெரிந்தது. அதற்கு முன்பே, 1930களில், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வேறொரு வழியில் கோபால்ட்டிடம் வந்து சேர்ந்திருந்தார்கள். தென் ஆஸ்திரேலியக் கடற்கரையின் சிப்பி மணல் நிலங்களில் மேய்ந்த ஆடுகள், புல் இருந்தும் இளைத்து மடிந்தன. அந்த மண்ணில் கோபால்ட்டும் தாமிரமும் குறைவு என்பதே காரணம் என்று கண்டார்கள். சிப்பியால் ஆன நிலம், சுண்ணாம்பு மிகுந்த மண், வேறு தாது இல்லாமல் வாடும் கால்நடை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த நிலத்தைக் கற்பனை செய்துகொள்வது எளிதாக இருந்தது.

சுவரை நக்கும் மாடு

கரும்பலகை மூலையில் எழுதி வைத்திருந்த வரிக்கு இப்போது வந்தோம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்ட் தெய்லர் என்ற கால்நடை அறிவியலாளர் ஒரு புதிரை ஆராய்ந்தார். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் செத்த விலங்குகளின் எலும்புகளைத் தேடிப்போய்க் கடித்தன. அந்த எலும்புகளில் இருந்த நஞ்சால் மடிந்தன. மாடு ஏன் எலும்பைத் தின்ன வேண்டும்? அந்த நிலத்துப் புல்லில் பாஸ்பரஸ் மிகக் குறைவாக இருந்தது. சுத்தம் செய்த எலும்புத்தூளைத் தீவனத்தோடு கொடுத்ததும் எலும்பு தேடும் பழக்கம் குறைந்தது, சாவும் குறைந்தது.

துணி, காகிதம், மண், சுவர் என்று தின்னக்கூடாததைத் தின்னும் மாட்டுக்குத் தாதுக் குறைவு இருக்கலாம். குடற்புழுவும் காரணமாகலாம், நார்த்தீவனப் பற்றாக்குறையும் காரணமாகலாம். ஆகவே "சுவரை நக்கினால் சுண்ணாம்பு குறைவு" என்று மாணவர்கள் ஒரே வரியில் முடிவு கட்டாமல் பார்த்துக்கொண்டோம். ஓர் அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்க முடியும் என்பதே அந்த வகுப்பில் கற்க வேண்டியது.

நான்காம் படி: பாலில் போகும் கணக்கு

இனிக் கணித வகுப்பு. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் கால்சியம் இருக்கிறது. நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் மாட்டிலிருந்து 12 கிராம் வெளியேறுகிறது. தின்னும் தீவனத்தில் உள்ள கால்சியம் முழுவதும் உடலில் சேர்வதில்லை. பல நேரங்களில் பாதிக்கும் குறைவாகவே சேர்கிறது. ஆகவே பாலுக்காக மட்டுமே தீவனத்தில் 24 கிராமுக்கு மேல் இருந்தாக வேண்டும். மாட்டின் சொந்த உடல் தேவை தனி.

"அதுக்குத்தான் எங்கம்மா சுண்ணாம்புத் தெளிவுத் தண்ணி வைக்கிறாங்க" என்றாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நல்ல வாய்ப்பு என்று அதையும் கணக்காக்கினோம். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, சுமார் 1.7 கிராம்தான். அதன் மூலக்கூறு நிறை 74. அதில் கால்சியத்தின் பங்கு 40. ஆகவே 1.7 கிராமில் கால்சியம் சுமார் 0.9 கிராம். ஒரு லிட்டர் தெளிவு நீரில் இருப்பது, ஒரு லிட்டர் பாலில் போவதைவிடக் குறைவு. அதிலும் பாஸ்பரஸ் கொஞ்சமும் இல்லை, துத்தநாகம் இல்லை, கோபால்ட் இல்லை. எடுத்த எடுப்பில் அம்மா சொன்னது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. "கணக்கைப் போட்டு வீட்டில் காட்டு" என்று மட்டும் சொன்னோம். ஒன்பதாம் வகுப்பு வேதியியலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள் என்று மறுநாள் தெரிந்தது.

இரத்தத்தில் 3 கிராம்

சென்ற ஆண்டு ஒரு மாணவி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. அவர்கள் வீட்டு ஜெர்சிக் கலப்புப் பசு மூன்றாவது ஈற்றில் இரவு கன்று போட்டது. மறுநாள் பிற்பகலில் எழ முடியாமல் படுத்துவிட்டது. கழுத்தை வயிற்றுப் பக்கம் வளைத்துக்கொண்டு கிடந்தது. அக்கம்பக்கத்தார், "பால் காய்ச்சல் கண்டிருச்சு" என்று சொல்லிக் காய்ச்சலுக்கான கஷாயத்தை ஊற்றப் போனார்கள். அந்தப் பெண் மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். "காது சில்லுன்னு இருக்கு, காய்ச்சல் இல்ல" என்று சொல்லி, 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணுக்குத் தன் அண்ணனை அழைக்கச் சொன்னாள். மருத்துவர் வந்து கால்சியம் மருந்தைச் சிரை வழியாக மெதுவாக ஏற்றினார். மாடு ஏப்பம் விட்டது, உடல் நடுங்கியது, சாணி போட்டது, சற்று நேரத்தில் எழுந்து நின்றது. ஒரு மாட்டின் பால் பணத்தில் மகளிர் குழுக் கடனும் அண்ணனின் ஐடிஐ செலவும் ஓடிக்கொண்டிருந்த வீடு அது.

பால் காய்ச்சல் என்ற பெயர்தான் குழப்புகிறது. அதில் காய்ச்சலே இல்லை, உடல் குளிர்ந்துவிடும். பத்தாம் வகுப்பில் பாராதைராய்டு சுரப்பியைப் பற்றிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. பசுவின் எலும்புகளில் பல கிலோ கால்சியம் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவதோ ஏறத்தாழ 3 கிராம். சீம்பாலில் லிட்டருக்கு 2 கிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. 5 லிட்டர் சீம்பால் சுரந்தால் 10 கிராம். இரத்தத்தில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு. அந்த வேகத்துக்கு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தர வேண்டியது பாராதார்மோனின் வேலை. அது முடுக்கம் பெறச் சில நாள் ஆகும். அதற்குள் இரத்தத்தில் அளவு சரிந்தால் தசைகள் செயலிழக்கின்றன, மாடு படுத்துவிடுகிறது. கன்று ஈன்ற முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. வயது கூடிய, பால் அதிகமுள்ள மாடுகளிலும் ஜெர்சி இரத்தம் உள்ளவற்றிலும் அதிகம். நம் சமவெளியில் கலப்பினம் என்றாலே பெரும்பாலும் ஜெர்சிக் கலப்புதான்.

மாணவர்களை மிகவும் யோசிக்க வைத்தது அடுத்த செய்தி. சினையின் கடைசி வாரங்களில் சுண்ணாம்பை அள்ளிக் கொடுத்தால் இந்த நோய் வராது என்றுதான் எவருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. தீவனத்திலேயே மிகுதியாகக் கிடைக்கும்போது பாராதைராய்டுக்கு வேலை இல்லை, எலும்பிலிருந்து எடுக்கும் ஏற்பாடு மந்தமாகிவிடுகிறது. கன்று போட்ட அன்று திடீரென்று தேவை எழும்போது அது விழித்துக்கொள்ள நேரம் எடுக்கிறது. ஆகவே பால் வற்றிய காலத்தில், மருத்துவர் சொல்லாமல் கால்சியம் மருந்தோ சுண்ணாம்போ தரக்கூடாது. படுத்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. விழுங்க முடியாத நிலையில் அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

பாறை, மண், வைக்கோல், எலும்பு என்று நான்கு இடங்களிலும் சுண்ணாம்பு இருந்தது. எந்த வடிவில், எந்த நேரத்தில், எவ்வளவு எட்டியது என்பதில்தான் மாட்டின் நலம் இருந்தது. எங்கள் தலைப்புக் கேள்விக்கு மாணவர்கள் தங்கள் சொற்களில் எழுதிய விடை இதுதான்.

ஐந்தாம் படி: பையின் பின்பக்கம் படித்தல்

தாது உப்புக் கலவைப் பை ஒன்றையும் அடர்தீவனப் பை ஒன்றையும் வகுப்புக்குக் கொண்டு வந்தோம். முன்பக்கத்தில் கொழுத்த மாட்டின் படமும் பால் பெருகும் என்ற வாக்குறுதியும் இருந்தன. பின்பக்கம் சதவீதங்கள். பின்பக்கத்தை மட்டும் படிக்க வேண்டும் என்பது விதி.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் கறவை மாட்டுத் தாது உப்புக்கு ஒரு தரம் வகுத்திருக்கிறது. உப்புச் சேர்க்காத வகையில் கால்சியம் 20 சதவீதத்தையும் பாஸ்பரஸ் 12 சதவீதத்தையும் ஒட்டியிருக்கும். நாளுக்கு 50 கிராம் கொடுத்தால் கால்சியம் 10 கிராம், பாஸ்பரஸ் 6 கிராம். நாம் முன்பு போட்ட கணக்கில் தேவைப்பட்டது 24 கிராமுக்கு மேல். ஆகவே தாது உப்பு மட்டும் போதாது, அது துணை. மீதி தீவனத்திலிருந்து வர வேண்டும். கால்சியத்துக்கு கடலைக்கொடி, அகத்தி, வேலிமசால், காராமணி போன்ற பயறு வகைகள். பாஸ்பரஸுக்குத் தவிடும் புண்ணாக்கும். வேலியோரம் நட்ட அகத்திக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் மாணவர்களே சொன்னார்கள்.

மாணவர்கள் போட்ட கணக்குகளில் சில:

1. வீட்டில் 100 கிலோ அடர்தீவனம் கலக்கிறார்கள். தாது உப்பு 2 சதவீதம், சமையல் உப்பு 1 சதவீதம் என்றால் எவ்வளவு வேண்டும்? (விடை: 2 கிலோ, 1 கிலோ.)

2. உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோவும், ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 400 கிராமும் அடர்தீவனம் தேவை எனக் கொண்டால், 8 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு எவ்வளவு? (விடை: 4.7 கிலோ.)

3. கடையில் வாங்கிய தீவனத்தில் ஏற்கெனவே 2 சதவீதம் தாது உப்பு உள்ளது. மாடு நாளுக்கு 3 கிலோ தின்கிறது. தனியாக 50 கிராம் தர வேண்டுமா? (விடை: தீவனத்திலேயே 60 கிராம் வந்துவிடுகிறது. வேண்டியதில்லை.)

4. ஒரு முறை பருவம் தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள். மூன்று பருவம் தவறினால் எத்தனை நாள் கூடுதலாகத் தீவனம் போட வேண்டும்? உங்கள் வீட்டுச் செலவில் அது எவ்வளவு? (விடை: 63 நாள். செலவு வீட்டுக்கு வீடு மாறும்.)

மூன்றாவது கணக்குதான் வீடுகளில் அதிகம் பேசப்பட்டது. கம்பெனித் தீவனமும் போட்டு, தாது உப்பும் போட்டு, டானிக்கும் ஊற்றும் வீடுகள் இருந்தன. தவிடும் கழனித்தண்ணீரும் மட்டும் வைத்து, தாது உப்பே தராத வீடுகளும் அதே தெருவில் இருந்தன. நான்காவது கணக்கு பெரியவர்களைத் தொட்டது. மாடு சினை பிடிக்காததற்குக் காரணங்கள் பல. தாதுக் குறைவு அவற்றில் ஒன்று, எளிதில் சரிசெய்யக்கூடியதும்கூட.

சொசைட்டியில் பாலுக்கு விலை போடும் முறையையும் இதோடு சேர்க்கலாம். பசும்பாலில் கொழுப்பு 3.2 சதவீதமும் கொழுப்பற்ற திடப்பொருள் 8.3 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரம். பால் அட்டையைக் கொண்டு வரச்சொல்லி ஒரு வாரத்தின் சராசரி காணச் செய்தால் ஏழாம் வகுப்புக்கு உயிருள்ள கணக்கு கிடைத்துவிடும்.

எந்த வகுப்புக்கு எதை எடுக்கலாம்?

1 முதல் 5 வகுப்பு வரை: தீவனங்களைத் தொட்டு, முகர்ந்து, பெயர் சொல்லி வகைப்படுத்துதல். பச்சை, உலர், அடர் என மூன்று குவியல். எடை போடுதல். எண்ணும் எழுத்தும் வகுப்பில் கைப்பிடி, படி, கிலோ என்ற அளவைகளுக்கு இது பொருந்தும்.

6 முதல் 8 வரை: விகிதம், சதவீதம், பைச் சீட்டு வாசித்தல். கோழி எலும்பை வினிகரில் சில நாள் ஊற வைத்து எடுத்தால் ரப்பர்போல் வளையும். கால்சியம் உப்புகள் கரைந்துபோனதே காரணம். வானவில் மன்றச் செயல்பாடாகவும் செய்யலாம்.

9, 10: அமில காரச் சோதனைகள், வீழ்படிவு, மோல் கணக்கு, பாராதார்மோன், இரைப்பை நுண்ணுயிரிகள். தமிழ் வகுப்பில் 'பால் காய்ச்சல்' போன்று பெயரும் பொருளும் முரண்படும் சொற்களைத் தொகுக்கச் சொல்லலாம்.

சில எச்சரிக்கைகள்

இந்தப் பாடத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நீராவி எஞ்சினைப் பற்றி நாம் சொல்வதை மாணவர் தேர்வில் எழுதுவார். தீவனத்தைப் பற்றிச் சொல்வதை அன்று மாலையே மாட்டுக்குப் போடுவார். குடும்பத்தின் பெரிய சொத்தே அந்த மாடாக இருக்கலாம். ஆகவே ஆசிரியர் மருந்து சொல்லக்கூடாது. அளவு சொல்வதிலும் கவனம் வேண்டும். "தாது உப்பு தரலாமா, எவ்வளவு?" என்ற கேள்வியை மாணவர் எழுதிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போகட்டும். உள்ளூர் கால்நடை உதவி மருத்துவரை ஒரு மணி நேரம் பள்ளிக்கு அழைப்பது இதில் முக்கியமான படி. இரு மாவட்டங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தானே தாது உப்புக் கலவையைத் தயாரித்து வழங்குகிறது. எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்டுவருவதையே மாணவர்களுக்கு ஒரு களப்பணியாகத் தரலாம்.

யூரியா சேர்த்து வைக்கோலை ஊட்டமேற்றும் முறை பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். அது பயனுள்ள முறைதான். ஆனால் அளவு பிசகினால் மாடு இறந்துவிடும். வகுப்பில் செய்முறையாக அதை எடுக்க வேண்டாம்.

மாடு இல்லாத வீட்டுக் குழந்தைகளை மறக்கக் கூடாது. எங்கள் வகுப்பில் அவர்களுக்குத்தான் பைச் சீட்டுகளைத் தொகுக்கும் பொறுப்பையும் மருத்துவரிடம் கேள்வி கேட்கும் பொறுப்பையும் கொடுத்தோம். மாட்டுக் கொட்டகை வேலை முடித்துவிட்டுத் தாமதமாக வரும் குழந்தையையும் இந்தப் பாடம் வேறு கண்ணால் பார்க்க வைத்தது. சாணி அள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குத்தான் மாட்டின் காது எப்போது சூடாக இருக்கும், எப்போது குளிரும் என்பது தெரிந்திருக்கிறது.

ஒவ்வொரு மாவட்டத்து மண்ணுக்கும் ஒரு மிகுதியும் ஒரு குறையும் உண்டு. எங்களுக்குச் சுண்ணாம்பு. தருமபுரியில் நிலத்தடி நீரின் ஃபுளூரைடு அங்குள்ள மனிதரின் பல்லையும் எலும்பையும் பாதிக்கிறது. அதே நீரைக் குடிக்கும் மாட்டுக்கு என்ன ஆகிறது என்று அங்குள்ள பிள்ளைகள் கேட்கலாம். கடலோரப் பள்ளிகளுக்கு உப்பு நீர் ஒரு பாடம். மலைப் பள்ளிகளுக்கு மழை கரைத்துக்கொண்டு போன சத்துகள் ஒரு பாடம். உங்கள் ஊர் மண்ணட்டையையும் ஒரு தீவனப் பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பொதுவாக உள்ள தனிமங்களுக்கு வட்டமிடச் சொல்லுங்கள். முதல் வகுப்புக்கு அது போதும். அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள்.